காதில் சாக்பீஸ் செருகியவர்

ஒரே ஓர் ஆத்துமாவையாவது ஆதாயப்படுத்தாமல் ஊர் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி, ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தேன். வந்தது என்னவோ பிரஸ் ஆபரேட்டர் வேலைக்கு. ஆனாலும் ஊர்ச் சபையில் பாதிரிக்கு அடுத்தபடியான உபதேசியாரின் மகன் அல்லவா, வெறும் வயிற்றுப்பாட்டுக்காக வந்தேன் என்று சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கர்த்தர் என் கண்ணில் காட்டிய ஆத்துமா அவர். காட்டும்போதே ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம்.

எண்பதுகளின் தொடக்கம். பெங்களூர் சாலையில் அப்போது கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. எங்கள் கம்பெனிக்கு ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, மறுபக்கம் ஏரி. உள்ளே வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். வட்டமாக வெட்டிய தகட்டைக் கையால் எடுத்து டை என்கிற அச்சில் வைக்கவேண்டும். பிரஸ் இறங்கி அதைக் கிண்ணி மாதிரி மடக்கும். ஸ்கூட்டர் விளக்குக்குப் பின்மூடி. மூணாம் நம்பர் பிரஸ்ஸில் காலை ஷிப்டு அவர், நாலாம் நம்பரில் நான். அவர் வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லியான, நெடிய மனிதர். கம்பெனியில் காக்கிச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டை, எந்த நாளும் வலது காதில் ஒரு துண்டு சாக்பீஸ். தகட்டில் அடையாளம் போடுகிற சாக்பீஸ்தான். அவர் அதைத் தகட்டில் போட்டதைவிட என் வாதங்களுக்குப் போட்டதுதான் அதிகம்.

முதல் வாரத்திலேயே டீ நேரத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, கடவுள் இருக்காருல்லா, அது வேதத்துலயே தெளிவாப் போட்டுருக்கு."

"சரிப்பா. வேதத்துல போட்டது மெய்யின்னு உனுக்கு இன்னா ஆதாரம்?"

"அது கர்த்தரோட வார்த்தை அண்ணாச்சி. அதுல பொய் எப்படி இருக்கும்?"

"கர்த்தரோட வார்த்தன்னு யாரு சொன்னது?"

"வேதத்துலயே போட்டுருக்கே!"

சொன்ன பிறகுதான் என் வாய்க்கே ஏதோ இடித்தது. அவர் சிரிக்கவில்லை. டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சி முடித்துவிட்டு, காதிலிருந்த சாக்பீஸை எடுத்து, குனிந்து, சிமெண்டுத் தரையில் ஒரு வட்டம் போட்டார். கையால்தான் போட்டார், ஆனாலும் நல்ல வட்டம்.

"தோ பாரு பாதிரி. கெளம்பன எடத்துலயே வந்து எறங்கிட்ட. இன்னாத்துக்கு பஸ் ஏறுன?"

அன்றிலிருந்து கம்பெனியில் எனக்குப் பெயர் பாதிரி. எங்கள் ஊரில் என் அப்பாவுக்கே கிடைக்காத பட்டம்.

யாராவது கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் வட்டம் போடுவது அவருக்கு ஒரு கைப்பழக்கம். சூப்பர்வைசர் ஒருமுறை, "ரூல்னா ரூல்தான்யா" என்றார். சூப்பர்வைசர் போன பிறகு அந்த ஆள் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். காஞ்சிபுரம் பஸ்ஸின் கண்டக்டர், "நாங்க எப்பவுமே லேட்டா வர மாட்டோம், எப்ப வர்றோமோ அதான் டைமு" என்றபோது பஸ்ஸின் படிக்கட்டிலேயே ஒரு வட்டம். எனக்குப் போட்ட வட்டங்களுக்கோ அளவில்லை. என் சித்தியின் காய்ச்சல் ஜெபத்தால் குணமானது என்று உருக்கமாகச் சாட்சி சொன்னேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, எனக்கு.

"ஜெபம் பண்ணி பொழைக்காதவங்க யாரும் இல்லியா?"

"அது கர்த்தருக்குச் சித்தமில்லை அண்ணாச்சி."

"கெடைச்சா கர்த்தரு கேட்டுக்கினாரு. கெடைக்கலன்னா சித்தமில்ல. அப்ப கர்த்தரு கேக்கலன்னு நான் எப்பதான்பா தெரிஞ்சிக்கறது?"

தரையில் இன்னொரு வட்டம். கூட்டுகிற அம்மாள், "இன்னாய்யா, தெனமும் கோலம் போட்டு வெக்கறீங்க" என்று திட்டிக்கொண்டே துடைத்தாள்.

ஒவ்வொரு வாரமும் ஸ்ரீபெரும்புதூர் ஜெபக்கூட்டத்தில் நாத்திகச் சகோதரருக்காக நான் ஒரு விண்ணப்பம் வைப்பேன். "கனிஞ்சு வாராரா தம்பி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "கனிஞ்சுக்கிட்டே இருக்காரு" என்பேன். என் கையெல்லாம் சாக்பீஸ் தூளாக இருக்கும்.

ஒரே ஒருநாள் நான் ஜெயித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் மானம் போய்விடும்.

"அறிவுக்கு ஒத்து வர்றத மட்டுந்தான் நான் நம்புவேன்" என்றார்.

"அந்த அறிவு சரியாத்தான் சொல்லுதுன்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"யோசிச்சிப் பாத்துதான்."

"எத வச்சு யோசிச்சீங்க?"

அவருடைய பிரஸ் சும்மா நின்றது. பிறகு சாக்பீஸை எடுத்து, எனக்குக் காலையில் போட்ட வட்டத்தின் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். "இது என்னுது" என்றார். கொஞ்சநேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, "உன்னுது பெருசு" என்றும் சேர்த்துக்கொண்டார். தன் வட்டத்தைத் தானே போட்டுக்கொள்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்போது யோசிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அன்று ஒரு தகட்டை டையில் தலைகீழாக வைத்தேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனி முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். எல்லா மெஷினுக்கும் மாலை, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கேட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜையில் நிற்காத இரண்டே பேர், சாமி இல்லை என்கிற அவரும், என் சாமி வேறு என்கிற நானும். புங்கமரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே அடிக்கும் மணியைக் கேட்டுக்கொண்டிருப்போம். பொரிப்பொட்டலம் எங்களுக்கும் வரும். "பொரி நெல்லுலேருந்து வருது" என்று அவர் உடனே தின்ன ஆரம்பிப்பார். எனக்கோ, சாமிக்குப் படைத்ததைத் தின்னலாமா என்று மனச்சாட்சி உறுத்தும். கடைசியில், படத்துக்கு முன்னால் வைத்த மூட்டை வேறு, இது வேறு மூட்டையாகத்தான் இருக்கும் என்று முடிவுசெய்து தின்பேன். எப்படி வேறு மூட்டை என்று கேட்டால், படைத்ததாக இருந்தால் நான் தின்னமாட்டேனே! அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதில் கையை வைப்பார்.

அவர் மனைவி பக்தியான அம்மாள். கிருத்திகைக்குக் கிருத்திகை அந்த அம்மாளைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு மிதித்துக்கொண்டு போவார். வாசலிலேயே நின்றுகொள்வார். "நான் செருப்புக்குக் காவல்" என்பார். இதில் ஏன் வட்டம் போடவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "அவ எங்கயும் சுத்தலியேப்பா. நேரா உள்ள போறா, நேரா வெளிய வர்றா" என்றார்.

இனி ஏழுமலையைச் சொல்லவேண்டும். பென்னலூர்க்காரன், மூணாம் நம்பர் பிரஸ்ஸில் மத்தியான ஷிப்டு. அதாவது அவர் இறங்கும் மெஷினில் இவன் ஏறுவான். வந்ததும் கோயில் குங்குமத்தை மோதிர விரலால் தொட்டு மெஷின் நெற்றியில் ஒரு பொட்டு வைப்பான். மறுநாள் காலையில் அவர் வந்ததும் வேஸ்ட் துணியால் அதைத் துடைப்பார். மத்தியானம் பொட்டு, காலையில் துடைப்பு. இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மெஷின்தான் பாவம்.

அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக. வேகம் வேண்டும் என்று ஒரு பட்டனில் மர ஆப்பைச் செருகிவிட்டு ஒரே கையால் ஓட்டுவது எல்லாருக்கும் பழக்கம். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காதமாதிரி போவார். ஒருநாள் மத்தியானம், பொட்டு வைத்துச் சற்றுநேரம்கூட ஆகியிருக்காது, பிரஸ் ஏழுமலையின் வலதுகை மோதிர விரலை எடுத்துக்கொண்டது.

மறுநாள் கேன்டீனில் ஒரே பேச்சு. பொட்டை அழித்த பாவம் என்றார்கள். அவர் எழுந்து நின்றார்.

"அடிபட்டப்ப பொட்டு இருந்திச்சா இல்லியா?"

"இருந்திச்சி."

"அப்ப பொட்டு காப்பாத்தலதானே?"

"நீ காலைல அழிச்சதால சாமிக்குக் கோவம்."

"சாமிக்குக் கோவம்னு எப்படித் தெரியும்?"

"கோவம் இல்லன்னா வெரலு ஏன் போவுது?"

சாக்பீஸ் வெளியே வந்தது. கேன்டீன் மேசையில் பெரிய வட்டம். பிறகு பையிலிருந்து அந்த மர ஆப்பை எடுத்து வட்டத்தின் நடுவில் வைத்து, "காரணம் இதுப்பா, இது!" என்றார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார். "நீயுந்தான் ஆப்பு சொருவி ஓட்ற. உனுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல?"

அவர் மேசையிலிருந்த ஆப்பை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். உதவிக்குப் போகிறேன் என்று நான் எழுந்து, "கர்த்தர் காப்பாத்துனாரு!" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு தப்பான நேரத்தில் அவ்வளவு சத்தமாக நான் சாட்சி சொன்னதில்லை.

ஏழுமலை தேறினான், ஆனால் வேலைக்கு வரவில்லை. கம்பெனி ஆள் விட்டுச் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் பிறக்கும்போது பிரஸ்ஸில் வந்து நிற்கவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அவனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், நிலம் கிடையாது. நானும் அவரும் பென்னலூருக்குப் போய் அவனைப் பார்த்தோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்த வெரலால பொட்டு வெச்சேனோ அந்த வெரலையே வாங்கிக்கிச்சிண்ணா. இனிமே நான் வெச்சா அது ஏத்துக்காது. பொட்டு இல்லாம அது முன்னாடி நிக்கவும் என்னால முடியாது. நெனச்சாலே கை ஆடுது, பாரு."

ஆடத்தான் செய்தது. அவர் கை பழக்கதோஷத்தில் காதுக்குப் போனது. சாக்பீஸை எடுத்துவிட்டார். பிறகு அந்தக் கட்டைப் பார்த்தார். சாக்பீஸைத் திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார்.

"வேற யார்னா வெச்சா?" என்று கேட்டார்.

"யாரு வெப்பாங்க?"

"வாட்ச்மேன் பெரியவரு வெக்கறேன்னு சொன்னாருப்பா. கோயிலுக்குப் போற மனுசன். நீ வர்றதுக்கு முன்னாடி தெனமும் வெச்சிடுவாரு. நீ வா."

திரும்பும் வழியில், "வாட்ச்மேன் எப்ப சொன்னாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இனிமேதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை வேகமாக மிதித்தார். வாட்ச்மேன், அந்த மெஷின் இருக்கும் பக்கமே வரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். அதை அப்புறம்தான் சொன்னார்.

முதல் தேதி. காலை ஷிப்டு முடிந்து கை கழுவிவிட்டு வந்தேன். மூணாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார். கையில் மூக்குப்பொடி டப்பா மாதிரி ஒரு தகர டப்பா. கட்டைவிரலைக் குங்குமத்தில் அமுக்கி, ரேஷன் கார்டுக்கு ரேகை வைப்பதுபோல மெஷின் நெற்றியில் ஓர் அழுத்து அழுத்தினார். அந்த ஆப்பு செருகும் பட்டனைப் பார்த்தேன். ஆப்பு நுழையாதபடி அதைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் அடித்து வைத்திருந்தார்.

எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்ல! "அண்ணாச்சி! இதுக்கு என்ன ஆதாரம்?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "கத்தாதப்பா. அவன் கை நடுங்குது. நடுங்கற கைய டையில வுட்டா இன்னொரு வெரலும் பூடும். பொட்டு இருந்தா நடுங்காது. நடுங்கலன்னா வெரலு போவாது. அதான்."

"அப்ப பொட்டு காப்பாத்துதுல்லா?"

"அவன் நம்பறதால காப்பாத்துது."

"ஏன் நம்புதான்?"

"காப்பாத்தும்னுதான்."

கையை நீட்டி அவர் காதிலிருந்தே சாக்பீஸை எடுத்தேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! தரையில் ஆசை தீரப் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். என் வட்டம் கோழிமுட்டை மாதிரி வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"கரீட்டுதான். காலால அழிச்சிடு, அவன் வர்ற நேரம்" என்றார்.

அழித்தேன். ஏழுமலை வந்தான். பொட்டைப் பார்த்தான், கொஞ்சநேரம் நன்றாகவே பார்த்தான். பிறகு முதல் தகட்டை எடுத்து வைத்தான். கை ஆடவில்லை. அவர் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பிரஸ் சீராக இறங்கும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு தினமும் இதுதான். காலையில் தன் பொட்டைத் தானே துடைப்பார், மத்தியானம் திரும்ப வைப்பார். குங்குமம் வீட்டிலிருந்து வந்தது. "எங்க வூட்டுக்காரி குங்குமம் கொறையுதுன்னு பக்கத்து வூட்டுக்காரி மேல சந்தேகப்பட்டுகினு கீறா" என்றார் ஒருநாள், நிஜமான கவலையோடு.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஐயர் இல்லை, ஹோமம் இல்லை, மாலை மாற்றிக்கொள்ளும் கல்யாணம். லீவு போடுகிற நாள் டப்பாவை என் கையில் வைத்தார்.

"நானா? அண்ணாச்சி, நான் உபதேசியார் மகன்!"

"நான் மட்டும் இன்னா, பூசாரி மவனா?"

மத்தியானம் மெஷின் முன்னால் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா முகம், ஜெபக்கூட்டத்துப் பெரியவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்து போயின. ஆத்துமா ஆதாயம் செய்ய வந்தவன் கதியைப் பாருங்கள்! கண்ணை மூடிக்கொண்டு, கர்த்தாவே மன்னியும் என்று விரலை மேலிருந்து கீழே இழுத்தேன். மனம் கேட்கவில்லை. குறுக்கே ஒரு கோடும் இழுத்துவிட்டேன். சின்னதுதான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அன்று எனக்கு ஓவர்டைம். ஏழுமலை வந்தான், மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னா பாதிரி, மெஷினு வேதத்துல சேந்துடுச்சா?"

குங்குமம் பட்ட விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "மொத நாளே தெரியும். எந்த வாட்ச்மேனு கட்டவெரல்ல பொட்டு வெப்பாரு? அந்த ரேகைல எண்ண மசி கூட கீது."

"தெரிஞ்ச பிறகும் கை நடுங்கலியா?"

"எப்படிப்பா நடுங்கும்? சாமியே இல்லன்றவரு. அவரு எனுக்கோசரம் வெக்கறாரு. சாமி கும்புடறவன் வெச்சிருந்தா கூட எனுக்கு இவ்ளோ தைரியம் வந்திருக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவராண்ட சொல்லிடாத. தெரிஞ்சா கூச்சப்பட்டுகினு நிறுத்திடுவாரு."

இப்படியாக, அவனுக்குத் தெரியாது என்று நினைத்து அவர் வைத்தார். தெரியாதமாதிரி அவன் நின்றான். நடுவில் இரண்டு ரகசியத்தையும் சுமந்துகொண்டு நான். ஜெபக்கூட்டத்தில் யாராவது "கனிஞ்சாரா?" என்று கேட்டால், யாரைக் கேட்கிறார்கள் என்று எனக்கே குழப்பமாக இருக்கும்.

அவர் ஓய்வுபெற்ற நாள். மாலை போடவந்தவர்களிடம், "மெஷினுக்குப் போடுங்க, அதான் வேலை செஞ்சிச்சி" என்று சொல்லித் தப்பித்து வந்தார். ஷிப்டு முடியும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு டப்பாவைக் கொடுத்தார்.

"இனிமே நீதான் பாதிரி. ஒருநாளும் வுட்டுடாத. அவனுக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்சிச்சின்னா பழையபடி கை நடுங்கும். அப்பாலிக்கா நான் வூட்ல நிம்மதியா தூங்க முடியாது."

"தெரியாது அண்ணாச்சி."

"இன்னா ஆதாரம்?"

"தெரிஞ்சிருந்தா கேட்டுருப்பாம்லா?"

"ஏன் கேக்கல?"

"தெரியாது, அதான் கேக்கல."

வாயிலிருந்து விழுந்தபிறகுதான் உறைத்தது. முதல் வாரம் டீ நேரத்தில் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். மெதுவாகச் சாக்பீஸை எடுத்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், வட்டம் போட்டார். நிமிரும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"அவனுக்கு மொதல்லேருந்தே தெரியுமா?" என்றார்.

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய.

ஏழுமலை வாசலில் நுழைந்துகொண்டிருந்தான். அவர் என் கையிலிருந்து டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவன் வந்து சேரும்வரை காத்திருந்தார். அவன் பக்கத்தில் வந்து நின்றபிறகு, அவன் பார்க்க, ஷிப்டு மாறுகிற ஆட்கள் எல்லாரும் பார்க்க, கட்டைவிரலைக் குங்குமத்தில் அமுக்கி மெஷின்மீது கொண்டுபோனார்.

ஏழுமலை விரல் போகிற இடத்தை எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் மேல வையிண்ணா. அங்க எண்ண வழியும்."

அவர் விரலை மேலே நகர்த்தினார்.